தொற்றுநோய்களுக்கு இனி வரப்போகும் மருந்துகள்: டர்பனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். செட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் உடல்நல நிகழ்ச்சி நடந்தால் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் மனத்தில் கிடக்கும் கேள்விகள் வெளியே வரும். இங்கேயே பிறந்து தமிழ் வகுப்பில் எழுத்துக் கற்ற பெரியவர்கள், அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்கள் என்று கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. ஆகவே அவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். உங்கள் மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை. இந்தப் பக்கத்தைப் பார்த்து எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

காய்ச்சல் என்றால் ஆண்டிபயாடிக் கொடுத்தால் போயிற்று. வேறு மருந்துகள் எதற்கு, அக்கா?

ஆண்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் தாக்கும். காசநோயும் நிமோனியாவில் ஒரு பகுதியும் பாக்டீரியாவால் வருபவை. எச்.ஐ.வி., கொரோனா, ஃப்ளூ ஆகியவை வைரஸ். மலேரியா ஓர் ஒட்டுண்ணி. கிருமியிடம் இருந்து நம் உடலிடம் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் முடக்குவதுதான் மருந்தின் வேலை. பாக்டீரியாவுக்குச் செல்சுவர் உண்டு, நம் செல்லுக்கு இல்லை. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. வைரஸுக்குச் சொந்தமாக இருப்பது மிகக் குறைவு. நம் செல்லுக்குள் புகுந்து நம் பொருள்களைக் கொண்டே பெருகுகிறது. அதனால்தான் வைரஸ் மருந்துகள் தாமதமாக வந்தன, எண்ணிக்கையிலும் குறைவாக இருக்கின்றன.

மருந்துக் கடை அலமாரி நிறைய மருந்து இருக்கிறதே. இன்னும் புதிதாக ஏன் தேட வேண்டும்?

இதற்கான பதில் நம் மாகாணத்திலேயே இருக்கிறது. குவாசூலு-நட்டாலின் உள்பகுதியில் துகேலா ஃபெரி என்ற சிற்றூர். 2005, 2006 ஆண்டுகளில் அங்குள்ள மருத்துவமனையில் 53 பேருக்கு, அன்றைய முக்கிய மருந்துகள் அநேகமாக எதற்குமே அடங்காத காசநோய் கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து சராசரியாகச் சில வாரங்கள்கூட அவர்கள் தாக்குப்பிடிக்கவில்லை. அலமாரியில் மருந்து இருந்தது. அந்தக் கிருமியைத் தொடும் மருந்து இல்லை.

கிருமிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்ததாக 2022இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பழைய மருந்துகளை மட்டும் நம்பியிருந்தால் ஒவ்வோர் ஆண்டும் நம் கையிருப்பு குறைந்துகொண்டே போகும்.

டி.பி. வந்தால் மாதக்கணக்கில் கைநிறைய மாத்திரை, ஊசி வேறு. என் மாமாவுக்குக் காதே போய்விட்டது. இன்னும் அப்படித்தானா?

இல்லை. இதை நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பழைய அச்சத்தால் பலர் கிளினிக்குக்கே போகாமல் இருக்கிறார்கள். உங்கள் மாமாவின் காதைக் கெடுத்தது பெரும்பாலும் கானமைசின் போன்ற ஊசி மருந்தாகத்தான் இருக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு 18 முதல் 24 மாதம் வரை சிகிச்சை நடந்தது. அதில் பல மாதங்கள் தினமும் ஊசி. பிழைத்தவர்களில் பலர் செவித்திறனை இழந்தார்கள்.

2012 டிசம்பரில் பெடாகுவிலின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு காசநோய்க்கு வந்த முற்றிலும் புதிய வகை மருந்து அது. கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கும் நொதியை அடைத்துவிடுகிறது. 2018இல் ஊசியை விலக்கிவிட்டுப் பெடாகுவிலினை அந்த இடத்தில் வைப்பதாக அறிவித்த முதல் நாடு தென்னாப்பிரிக்காதான். அடுத்து பெடாகுவிலின், பிரிடோமானிட், லினெசோலிட் என்ற மூன்று மாத்திரைகளை மட்டும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 109 நோயாளிகள், மூன்று மருத்துவமனைகள், மூன்றும் இந்த நாட்டில். அவற்றில் ஒன்று நம் டர்பனில் உள்ள கிங் டினுசூலு மருத்துவமனை, பெரியவர்கள் கிங் ஜார்ஜ் ஃபைவ் என்று சொல்லும் அதே இடம். பத்தில் ஒன்பது பேர் குணமடைந்தார்கள். துகேலா ஃபெரியில் 53க்கு 52 போன அதே வகை நோய் இது. லினெசோலிட் முதலில் அதிக அளவில் கொடுக்கப்பட்டதால் கால் மரத்துப்போவதும் இரத்தசோகையும் பலருக்கு வந்தன. அளவைப் பாதியாகக் குறைத்தாலும் பலன் குறையவில்லை என்று அடுத்த ஆய்வு காட்டியது. இப்போது லெவோஃப்ளாக்சசினும் சேர்ந்த ஆறு மாதக் கூட்டு இங்கே அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

சாதாரண காசநோய்க்கும் ஆறு மாதம் நான்காகக் குறையலாம் என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அடுத்த இலக்கு இன்னும் பெரியது: பழைய மருந்துகளுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்ற முடிவுக்குக் காத்திராமல், எல்லோருக்கும் முதல் நாளே தொடங்கக்கூடிய ஒரே கூட்டு. அதற்காகச் சார்ஃபெகுவிலின், கன்ஃபெபோரோல், குவாபோடெபிஸ்டாட் போன்ற புதிய மருந்துகள் மனிதரில் சோதிக்கப்படுகின்றன. பெயர்களை நினைவில் வைக்க வேண்டாம். இத்தனை மருந்துகள் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பதைக் காசநோய்த் துறை நெடுங்காலம் கண்டதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி போட்டால் எச்.ஐ.வி. வராதாமே. தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்களா?

தடுப்பூசி இல்லை, மருந்துதான். ஆனால் உடலில் நெடுநாள் தங்கும் மருந்து. பெயர் லெனகபாவிர். தடுப்பூசி நம் உடலுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும். லெனகபாவிர் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை; தோலுக்கடியில் தங்கி மெல்ல மெல்லக் கரைந்து, வைரஸின் மரபுப் பொருளைப் பொதிந்திருக்கும் உட்கூட்டைக் குலைக்கிறது. ஊசியை நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும்.

தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,300க்கும் மேற்பட்ட இளம்பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. இந்த ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. தினமும் மாத்திரை விழுங்குவது பலருக்குக் கடினம்: வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள், கேள்வி கேட்பார்கள், பேச்சு பரவும். ஆண்டுக்கு இரண்டு முறை கிளினிக்குக்குப் போய் வந்தால் யாருக்கும் தெரியாது. அந்த இளம்பெண்களின் வாழ்க்கையை அறிந்து செய்யப்பட்ட மருந்து இது, அதனால்தான் வென்றது என்பது என் எண்ணம். மருந்துத் துறை போகும் பெரிய திசைகளில் இதுவும் ஒன்று. மலேரியாவுக்கும் காசநோய்த் தடுப்புக்கும் இதே போன்ற நீண்டநாள் ஊசிகளை உருவாக்க முயல்கிறார்கள்.

சரி, வந்த எச்.ஐ.வி.யை அடியோடு போக்க முடியாதா?

இன்னும் முடியாது. வைரஸ் சில செல்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது, எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.வி. மாத்திரை அதைத் தொடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் திரும்ப எழுந்துவிடும்.

ஆனால் நம் டர்பன் பக்கத்து உம்லாசியில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 20 பெண்களுக்கு, உடலின் எதிர்ப்பைத் தட்டி எழுப்பும் ஒரு மருந்தும், வைரஸின் பல வடிவங்களைப் பிடிக்கும் இரண்டு எதிர்ப்புப் புரதங்களும் கொடுத்து, கண்காணிப்போடு ஏ.ஆர்.வி.யை நிறுத்தினார்கள். 55 வாரங்கள் கழித்தும் நான்கு பேர் மாத்திரை இல்லாமல் இருந்தார்கள். 2025இல் வெளியான முடிவு இது. அந்த இரண்டு புரதங்களில் ஒன்று குவாசூலு-நட்டாலைச் சேர்ந்த ஒரு பெண்ணின் இரத்தத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டது. இருபதில் நான்கு என்பது சிகிச்சை ஆகாது, வழி திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். இதைக் கேட்டு யாரும் வீட்டில் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எல்லாச் சோதனையும் இங்கேதானா? நம்மை எலியாக வைத்திருக்கிறார்களா?

இந்தக் கோபம் நியாயமானது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆப்பிரிக்க மண்ணில் ஆராய்ச்சி என்ற பெயரில் அநியாயம் நடந்த காலம் உண்டு. இன்று எந்தச் சோதனைக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமும் நெறிமுறைக் குழுவும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். பங்கேற்பவருக்கு அவர் மொழியில் விளக்க வேண்டும். எந்த நேரமும் அவர் விலகலாம். சோதனை என்றதும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். லெனகபாவிர் ஆய்வில் ஊசி பெறாதவர்களுக்கு எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை கொடுக்கப்பட்டது.

இங்கே சோதிக்காவிட்டால் நமக்குத்தான் நட்டம். 2021 பிப்ரவரியில் கொரோனாவுக்கான ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசி விமானத்தில் வந்து இறங்கிய பின், இந்த நாட்டில் அப்போது பரவிய பீட்டா வகைக்கு எதிராக லேசான, நடுத்தர நோயைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பலன் இல்லை என்று உள்நாட்டு ஆய்வு சொன்னது. அதனால்தான் திட்டத்தை மாற்ற முடிந்தது. வேறு நாட்டு ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு அதை அறிந்திருக்க முடியாது.

நாம் அழுத்திக் கேட்க வேண்டியது வேறொன்று: சோதனைக்கு உடலைக் கொடுத்த மக்களுக்கு மருந்து கிடைக்குமா? லெனகபாவிரை மலிவாகத் தயாரித்து விற்க 120 நாடுகளுக்கு உரிமம் வழங்கப்பட்டது. தென்னாப்பிரிக்கா அதில் இருக்கிறது. அதே மருந்தின் இன்னொரு சோதனையில் பங்கேற்ற பிரேசில் அந்தப் பட்டியலில் இல்லை. எலியா என்ற கேள்வியைவிட இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என் பேரன் சொல்கிறான், இனிமேல் கம்ப்யூட்டரே மருந்து கண்டுபிடிக்குமாம். உண்மையா?

பாதி உண்மை. 2020இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சலித்து, சர்க்கரை நோய்க்கென ஆராய்ந்து கைவிடப்பட்ட ஒன்றில் வலிமையான பாக்டீரியா எதிர்ப்பைக் கண்டார்கள். ஹாலிசின் என்று பெயரிட்டார்கள். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024இல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்தது. எந்தப் பொருளைச் சோதிப்பது என்ற முதல் தேடல் இதனால் வேகமாகிறது.

பேரனிடம் மறுபாதியையும் சொல்லுங்கள். ஈரல் தாங்குமா, கர்ப்பிணிக்கு ஆகுமா, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மனித உடலில்தான் அறிய முடியும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஹாலிசின் இன்றுவரை மருந்துக் கடைக்கு வரவில்லை.

புதிய ஆண்டிபயாடிக் ஏன் வருவதில்லை? கம்பெனிகளிடம் பணமா இல்லை?

பணம் இருக்கிறது, இதில் போட்டால் திரும்பி வராது என்று அவர்களுக்குத் தெரியும். இரத்த அழுத்த மாத்திரையை வாழ்நாள் முழுவதும் விழுங்குகிறோம். ஆண்டிபயாடிக் ஒரு வாரம். அதிலும் புதியது வந்தால், அதை எளிதில் கொடுக்காதீர்கள், கடைசி ஆயுதமாக வையுங்கள் என்று நாங்களே சொல்கிறோம். சொல்வது சரிதான், ஆனால் தயாரித்தவருக்கு விற்பனை இல்லை. அக்காவ்ஜென் என்ற அமெரிக்க நிறுவனம் பிளாசோமைசின் என்ற நல்ல மருந்துக்கு 2018இல் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் திவாலானது.

ஆகவே மருந்தைப் போலவே பணம் கொடுக்கும் முறையையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டன் 2022 முதல் சில ஆண்டிபயாடிக்குகளுக்கு எத்தனை குப்பி வாங்கினாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று சந்தா கட்டுகிறது. தீயணைப்பு நிலையத்துக்கு நாம் பணம் கொடுப்பது எத்தனை தீயை அணைத்தார்கள் என்று எண்ணியா? இன்னொரு வழி, இலாபம் தேடாத அமைப்புகளே மருந்தை உருவாக்குவது. கொனோரியா என்ற பாலியல் தொற்றுக்கான சோலிஃப்ளோடாசின் அப்படி வந்தது. அதன் இறுதிக் கட்டச் சோதனை நடந்த ஐந்து நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. பிறந்த குழந்தைகளின் இரத்தத் தொற்றுக்கு எந்த மருந்துக் கூட்டு சிறந்தது என்ற ஆய்வும் இங்கேயும் கென்யாவிலும் நடக்கிறது. இந்த ஆய்வைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பச்சிளங்குழந்தைகளுக்கென்று மருந்து சோதிப்பது அவ்வளவு அரிது.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸை வைத்தே குணப்படுத்தலாமாமே?

ஃபேஜ் என்பார்கள். ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் 1923 முதல் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. எல்லா மருந்தும் தோற்ற சில நோயாளிகளை இது காப்பாற்றியதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் பொருந்தும் ஃபேஜைத் தனியே தேட வேண்டும். பெரிய சோதனைகளில் இன்னும் உறுதியாகத் தேறவில்லை.

நிலவேம்பும் இந்த ஊர் உம்ஹ்லோன்யானேயும் இருக்கும்போது மாத்திரை எதற்கு?

மூலிகையை நான் ஒருபோதும் இழிவாகப் பேச மாட்டேன். மலேரியாவுக்கான கொய்னா என்ற மருந்து ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. சீனாவின் தூ யூயூ பழைய மருத்துவ ஏட்டைப் படித்து, மாசிபத்திரி இனச் செடி ஒன்றிலிருந்து ஆர்டிமிசினினைப் பிரித்தெடுத்தார்; 2015இல் நோபல் பரிசு பெற்றார். அவர் செய்ததைக் கவனியுங்கள்: செடியிலிருந்து எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பிரித்து, அளந்து, சோதித்தார்.

உம்ஹ்லோன்யானே அந்தச் செடியின் உறவுதான், ஆனால் அதில் ஆர்டிமிசினின் அநேகமாக இல்லை. சளிக்குக் கஷாயம் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். லிம்போபோ, ம்புமலாங்கா, மொசாம்பிக் பக்கம் போய்வந்து காய்ச்சல் கண்டால் கஷாயத்தோடு உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றே மலேரியாப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

குரங்கம்மைக்கு மருந்து இருந்தும் வேலை செய்யவில்லையாமே?

2024இல் இங்கேயும் சிலருக்கு அந்த நோய் வந்தது. பெரியம்மைக்காக உருவாக்கிய டெகோவிரிமாட் விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. காங்கோவில் முறையாகச் சோதித்தபோது, புண்கள் ஆறும் காலத்தை அது குறைக்கவில்லை என்று தெரிந்தது. அதே ஆய்வில் மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் இருவரிலுமே இறப்பு வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது; மருத்துவமனையில் வைத்து நன்றாகக் கவனித்ததே காரணம். மருந்தை மட்டுமே தேடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எந்த மருந்து வந்தாலும் பணக்காரருக்குத்தானே?

அப்படித்தான் இருந்தது, மாற்றப்பட்டது, தானாக மாறவில்லை. 1998இல் மலிவு மருந்துச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் தரப்பில் தென்னாப்பிரிக்க அரசின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், உலகமே பார்த்தது, 2001 ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு இந்தியாவின் சிப்லா, ஆண்டுக்கு பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்த எச்.ஐ.வி. மருந்தை 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது.

பெடாகுவிலின் கதையும் அதன் தொடர்ச்சிதான். காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை எதிர்த்து, காசநோயால் செவித்திறன் இழந்த கேப் டவுனின் புமேசா திசிலேயும் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் இந்தியாவில் மனுக் கொடுத்தார்கள், 2023இல் வென்றார்கள். பிறகு இங்கே, நிறுவனங்களின் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கியது. விலை சுமார் 40 விழுக்காடு குறைந்தது. லெனகபாவிர் அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலர். 2027 முதல் 40 டாலருக்குத் தருவதாக இந்திய நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒரே மருந்துக்கு இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிகிறது.

இந்தியாவை எதிர்பார்ப்பதைவிட இங்கேயே செய்ய முடியாதா?

மூளை இருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கெல்லி சிபாலே 2010இல் தொடங்கிய எச்3டி என்ற மையம், ஆப்பிரிக்காவிலேயே கண்டெடுத்த மலேரியா மருந்து ஒன்றை மனிதச் சோதனை வரை கொண்டுபோனது. அந்த மருந்து பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அந்த வேலையில் தேர்ந்த வேதியியலாளர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கேப் டவுனின் அஃப்ரிஜென் நிறுவனம் 2022இல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைத் தானே செய்து காட்டியது.

இல்லாதது வாங்குபவர். கெபெராவில் உள்ள ஆஸ்பென் ஆலை கொரோனா தடுப்பூசியைத் தன் பெயரிலேயே தரத் தயாராக நின்றபோது ஓர் ஆர்டர்கூட வரவில்லை. ஆலையைக் கட்டிவிட்டு வெளியிலிருந்து மட்டும் வாங்கினால் அடுத்த பெருந்தொற்றிலும் வரிசையின் கடைசியில்தான் நிற்போம்.

அமெரிக்கா ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணத்தை நிறுத்தியதால் எல்லாம் நின்றுவிட்டதா?

எல்லாம் நிற்கவில்லை, ஆனால் அடி பலமானது. ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே தலைமை தாங்கிய எச்.ஐ.வி. தடுப்பூசித் திட்டம் 2025 ஜனவரியில், முதல் சோதனை தொடங்கும் தறுவாயில் நின்றது. நம் அரசும் கேட்ஸ், வெல்கம் அறக்கட்டளைகளும் ஓரளவு பணம் ஒதுக்கின. வயதுவந்தோருக்கான காசநோய்த் தடுப்பூசி எம்72இன் இறுதிச் சோதனை அறக்கட்டளைப் பணத்தில் 2024 மார்ச்சில் இங்கேதான் முதலில் தொடங்கியது, அது தொடர்கிறது.

எனக்குச் சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. புதிய மருந்துகள் ஒத்துக்கொள்ளுமா?

நம் சமூகத்துக்கு இது மிக முக்கியமான கேள்வி. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. பழைய ரிஃபாம்பிசின் ஈரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை வேகமாகக் கரைத்துவிடுகிறது, சர்க்கரை ஏறும். மேலே சொன்ன புதிய கூட்டில் ரிஃபாம்பிசின் இல்லை, அது ஒரு நன்மை. ஆனால் லினெசோலிட் கால் நரம்பைத் தாக்கும். சர்க்கரையால் ஏற்கெனவே கால் மரத்திருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். இன்சுலின் போடுபவருக்கு லினெசோலிட் சர்க்கரையை இறக்கவும் கூடும். பெடாகுவிலின் இதயத் துடிப்பை மாற்றக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், லேகியம் உட்பட.

புதிய மருந்துக்கும் கிருமி பழகிவிட்டால் என்ன செய்வது?

பழகத் தொடங்கிவிட்டது. பெடாகுவிலினுக்கு அடங்காத காசநோய் இந்த நாட்டிலேயே காணப்படுகிறது. நெடுநாள் தங்கும் மருந்துகளின் நன்மையே இங்கே எதிராக வேலை செய்கிறது: பெடாகுவிலினை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் அது சிறிதளவு உடலில் இருக்கும். பாதியில் நிறுத்தியவர் உடலில் மற்ற மருந்துகள் வெளியேறிவிட, இது மட்டும் தனியே, கொல்லப் போதாத அளவில் நிற்கிறது. அந்த நிலையில்தான் கிருமி தப்பிக்கக் கற்றுக்கொள்கிறது. லெனகபாவிர் ஊசியைத் தவறவிட்டு, அந்த இடைவெளியில் தொற்று வந்தாலும் இதே ஆபத்து. ஆகவே ஊசி தேதியைத் தவறவிட்டால் வெட்கப்படாமல் உடனே போய்ச் சொல்லுங்கள்.

புதிய மருந்தோடு புதிய பரிசோதனையும் வர வேண்டும். 2011 முதல் இங்கே பயன்படும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சில மணி நேரத்தில் காட்டிவிடும். பெடாகுவிலின் எதிர்ப்பைக் காட்டாது. அதற்குக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும், வாரக்கணக்காகும். அல்லது அதன் மரபணுவை நேரடியாகப் படிக்க வேண்டும். மரபணுவைப் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்துவிட்டது. கொரோனாவின் மரபணுவைப் படித்து பீட்டாவையும் ஒமிக்ரானையும் உலகுக்கு அறிவித்தது தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள்தான். அதே திறமை காசநோய் நோயாளியின் சளி மாதிரிக்கும் வழக்கமாகக் கிடைக்க வேண்டும் என்று சுகாதாரக் கூட்டங்களில் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் பகுதிக் கிளினிக் குழுக் கூட்டத்தில் நீங்களும் கேட்கலாம். அந்தக் கூட்டங்களில் பேச மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை.